வல்லிபுரம் டிக்கெட் விற்ற கதை

எழுந்தேன். பல் துலக்கினேன். பால் கெட்டிருந்ததால் கறுப்புக் கோப்பி குடித்தேன். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. அதையே போட்டுக்கொண்டேன்.

மாமனார் கீழே காரில் இருந்து ஹாரன் அடித்தார். சூலியா தெருவில் ஓர் அச்சகத்துக்குப் போனோம்.

ராகினியின் கல்வெட்டு அச்சாக வேண்டும்.

கல்வெட்டு என்றால் கல் இல்லை. முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகம். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம். எங்கள் யாழ்ப்பாணக் குடும்பங்களில் அது கைக்கு வரும்வரை யாரும் முழுதாக இறப்பதில்லை.

அச்சகத்து வாசு, மாமனார் எழுதியதைத் திரையில் வைத்துச் சத்தமாக வாசித்தார்.

ராகினி ஏழு வயதில் தாயை இழந்தார். தந்தையே தாயுமாகி வளர்த்தார். ராகினி புக்கிட் தெங்காவில் பொறியாளராகப் பணிபுரிந்தார். மயூரனின் அன்பு மனைவி.

மயூரன் நான்தான். எனக்கு ஒரு வரி. அடுத்து வந்த டிவி வல்லிபுரத்துக்கு அரைப் பக்கம்.

வல்லிபுரம் கறுப்பு வெள்ளை டிவி காலத்தில் முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல் ஊரையே சிரிக்க வைத்தவர். மாமனாருக்குச் சித்தப்பா முறை. எந்த வழியில் சித்தப்பா என்று கேட்டால் மாமனார் எல்லோருக்கும் தேநீர் வரவழைப்பார்.

நடிகராவதற்கு முன் அவர் ஜோர்ஜ் டவுனில் ரயில் டிக்கெட் விற்றாராம். ஜோர்ஜ் டவுன் இருப்பது தீவில்; அங்கே ரயில் கிடையாது. டிக்கெட் இங்கே, ரயில் அக்கரையில். நடுவில் ஃபெரிப் படகு. புதிதாக வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரயில் எங்கே என்று கத்தினாராம். வல்லிபுரம் கடலைக் காட்டி, இப்போதுதான் முழுகியது, அடுத்தது பத்து மணிக்கு என்றாராம்.

துரை சிரித்தாராம். மேலதிகாரி சிரிக்கவில்லையாம். வேலை போனது. கலை வந்தது.

வாசு வாசிப்பதை நிறுத்தினார்.

"அங்கிள், இதே கதைய எங்க மாமா சுங்கை பாக்காப் ஊரு ஆளு ஒருத்தரப் பத்திச் சொல்வாரு லா. அவரும் டிவில காமெடி பண்ணவருதான்."

"உங்க மாமா புளுகுறார். என் மக வல்லிபுரம் வாயாலேயே கேட்டிருக்கா. சின்னப் பிள்ளையா அவர் வீட்டுக்குப் போயிட்டு வந்து, எனக்கு அப்படியே நடிச்சுக் காட்டுனா. மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டு."

மாமனார் முகத்தை அப்படி வைத்துக் காட்டினார். பிறகு அவரே சிரித்துவிட்டார். மகள் போனபின் அவர் பல் தெரிந்தது அப்போதுதான்.

"இருந்தாலும் அங்கிள், அச்சுல வருது. யாராச்சும் கேட்டா சாட்சிக்கு…" என்று தொடங்கிய வாசு, சாட்சி யார் என்பது உறைத்ததும் திரையைப் பார்த்தார்.

மாமனார் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க சொல்லுங்க. உங்ககிட்டயும் சொல்லியிருப்பாளே."

இல்லை என்றால் அந்த அரைப் பக்கம் போய்விடும். மீதி முழுக்கப் பிறப்பு, படிப்பு, இறப்பு.

"சொல்லியிருக்கா, மாமா. வல்லிபுரம் தாத்தா சொன்னதுன்னுதான்."

"கேட்டீங்களா? போடுங்க. எழுத்தக் கொஞ்சம் பெரிசா போடுங்க."

இயந்திரம் ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்குள் அவர் என் காதருகே வந்தார். கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். முன்பும் கேட்டிருக்கிறார். ஒன்றும் சொல்லவில்லை என்றிருந்தேன்.

இம்முறை, உங்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்றேன்.

தலையாட்டினார். மகள் படத்தில் பொட்டின் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கப் போனார்.

அன்று ராகினியை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனபோது தள்ளுகட்டிலின் கம்பியைப் பிடித்தபடி கதவு வரை நடந்தேன். அவளுக்குப் பயம். விடாமல் பேசிக்கொண்டே வந்தாள். அந்தக் கதவுக்கு வெளியே அவள் உயிரோடு வரவில்லை.

கதவு மூடுவதற்கு முன் அவள் சொன்னது இது:

"அந்த டிக்கெட் கதை, எங்கயோ கேட்டத நான் வல்லிபுரம் தாத்தா பேர்ல கட்டிவிட்டது லா. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. அம்மா போனப்புறம் அவர் சிரிக்கவே இல்ல. அதான்."