கடைசி வரி

அரசாங்கத்துக்கு எங்கள் தமிழ்ச் சங்கம் அனுப்பும் நான்காவது மனு இது. மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்து ஒரு வருஷமாகியும் முதல் மூன்றுக்குப் பதில் இல்லை. எழுதி எழுதிச் செயலாளரான எனக்கே அலுத்துவிட்டது. இந்தத் தடவை மலாய் மொழியில் எழுதிப் பார்ப்போம் என்று, காஜா பேராங் கிராமத்திலிருந்து கமலவேணியை வரவழைத்தோம். சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் முதல் கிரேடு எடுத்த பெண். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதி, டைப் அடித்தும் கொடுத்துவிட்டாள்.

“கடைசி வரியைப் படிம்மா” என்றேன்.

“உபகாரச் சம்பளம் கொடுக்கும்போது பிள்ளையின் மார்க்கைப் பாருங்கள், இனத்தைப் பார்க்காதீர்கள்.”

“அப்படிப் போடு!” தலைவர் மீனாட்சிசுந்தரம் உடனே கையெழுத்திட்டார்.

அவள் தயங்கித் தயங்கி இன்னொரு தாளை நீட்டினாள். எங்கள் சங்கத்தின் உபகாரச் சம்பளத்துக்கு அவளே எழுதிய விண்ணப்பம்.

“அரசாங்கத்துல கேட்டேன், சார். கோயிலுக்குப் போற நீ மலாய்க்காரி இல்லைன்னுட்டாங்க.”

தலைவர் தாளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “மலாக்காச் செட்டிப் பொண்ணுய்யா, எந்தக் காலத்துலயோ கப்பலேறி வந்த தமிழ் வியாபாரிங்க வம்சம். அவங்க வீட்டுல தலைமுறை தலைமுறையா மலாய்தான் பேச்சு. தமிழே தெரியாதவளுக்குத் தமிழ்ப் பிள்ளைங்க பணத்தை எப்படிக் கொடுக்கறது? நீயே சொல்லிடு.”

அவர் பேசிய தமிழ் அவளுக்குப் புரியவில்லை. இந்த இரண்டு நாளும் அவள் எங்களோடு பேசியதெல்லாம் மலாய்தான். நான் மலாயில் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். மேசைமேலிருந்த மனுவைக் கையில் எடுத்தாள்.

“கடைசி வரியை எடுத்துடட்டுமா, சார்?”