மஞ்சள் மூடி டப்பா

“வீட்டுல எல்லாருக்கும் தெரியுற வித்தியாசம் உனக்கு மட்டும் தெரியலையா?” என்றார் மாமனார்.

“தெரியலை மாமா,” என்றாள் மருமகள். “இடது கன்னமும் வலது கன்னமும் ஒண்ணாத்தான் இருக்கு.”

வீட்டின் கீழ்த்தளத்தில் ஃபேக்டரி. பருத்திப் பூவின் சாறு கலந்து, முகத்துக்கும் முடிக்குமாக ஒரு க்ரீம் தயாரித்திருந்தார்கள். ஒரு மாதமாக வீட்டுக்குள்ளேயே சோதனை. மஞ்சள் மூடி டப்பாவில் சாறு கலந்தது; அதை இடப்பக்கம் தேய்க்க வேண்டும். வெள்ளை மூடியில் கலக்காதது, அது வலப்பக்கத்துக்கு. மருமகளின் கணவனைத் தவிர வீட்டில் ஐந்து பேருக்கு, ஆளுக்கு இரண்டு டப்பா.

க்ரீம் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் ஐவரின் படமும், ஆளுக்கு ஒரு வரியும் வரப்போகின்றன. நான்கு வரிகள் கிடைத்துவிட்டன. ஐந்தாவதற்காக அச்சகத்துக்காரர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

“என் இடது கன்னம் பட்டு மாதிரி ஆயிடுச்சு,” என்றாள் மாமியார்.

“எனக்கு முடி கொட்டுறதே நின்னுபோச்சு. இடப்பக்கம் மட்டும்,” என்றாள் நாத்தனார்.

சின்ன மாமனார் தன் வழுக்கையைக் குனிந்து காட்டினார். “இந்தப் பக்கம் லேசா முளைவிடுது. தடவிப் பாரும்மா.”

“தடவினா இருக்கிற நாலும் போயிடும் சின்ன மாமா.”

அச்சகத்துக்காரர் சிரிப்பை இருமலாக்கினார்.

“எதுலயும் உனக்கு ஒரு எகத்தாளம்,” என்றார் மாமனார். “என் முகத்தைப் பாரு. பத்து வயசு குறைஞ்சு போச்சான்னு கடைத்தெருவுல கேக்குறாங்க. ஒரே ஒரு வரி. ‘என் சருமம் மலர்ந்தது’ன்னு நானே எழுதி வச்சிருக்கேன். நீ சரின்னு சொன்னாப் போதும்.”

“மலரலையே மாமா.”

“அண்ணிக்குத் தோல் கொஞ்சம் தடிப்பு. எதுவும் உறைக்காது,” என்றாள் நாத்தனார்.

“இருக்கட்டும். தடிச்ச தோலுக்கு எதுக்குப் படம்? எடுத்துடுங்க.”

மாமியார் எழுந்துவிட்டாள். “வீட்டு மருமகளே தொழிலைக் குறை சொன்னா விளங்குமா?”

“நான் பூவைக் குறை சொல்லலை அத்தை. நாம போட்ட சாறு போதலை. இன்னும் ஒரு தடவை கலந்து பார்த்துட்டு விப்போம். காசு கொடுத்து வாங்குறவங்களும் கண்ணாடி பார்ப்பாங்க இல்ல?”

மாமனார் விரலை நீட்டினார். “கடைசியாக் கேக்குறேன். சரின்னு சொல்லு. இல்லைன்னா நாளையிலேருந்து நீ ஃபேக்டரிப் படி மிதிக்கக் கூடாது. அடுப்படியோட நின்னுக்கோ.”

கலவை இயந்திரம் வந்த நாளிலிருந்து அதன் பக்கத்தில் நிற்பவள் அவள்தான். கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நின்னுக்கிறேன் மாமா. ஆனா என் வரி வராது.”

“நீ தேய்ச்சே இருக்க மாட்டே! அப்புறம் எங்கேயிருந்து வித்தியாசம் தெரியும்?” மாமனார் கத்தினார். “டேய், போய் உன் பொண்டாட்டியோட மஞ்சள் டப்பாவை எடுத்துட்டு வா. இவ லட்சணத்தை அச்சகத்துக்காரரும் பார்க்கட்டும்.”

கணவன் எழுந்து போனான். மாடியில் ஒவ்வோர் அறைக் கதவாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தவன் கையில் ஒரு தட்டு. தட்டில் ஐந்து மஞ்சள் டப்பாக்கள்.

“உன் பொண்டாட்டியோடதைத்தானே கேட்டேன்?” என்றார் மாமனார். குரல் இறங்கியிருந்தது.

“ஒண்ணைப் பார்க்குறவர் மத்ததையும் பார்க்கட்டும்பா,” என்றபடி அவன் மனைவியின் டப்பாவைத் திறந்தான். உள்ளே ஒன்றுமில்லை. அடியில், கரண்டிக் காம்பால் வழித்த கீறல்கள் மட்டும் இருந்தன.

பிறகு அம்மாவுடையதைத் திறந்தான். தங்கையுடையதை. சித்தப்பாவுடையதை. கடைசியாக அப்பாவுடையதை.

நான்கிலும், மூடிக்கு அடியில் ஒட்டியிருந்த வெள்ளித்தாள் கிழியாமல் பளபளத்தது.