அனுமதித்த மினுமினுப்பு

பழக்கடையிலிருந்த ஆப்பிளுக்கு உள்ளே அழுகத் தொடங்கி ஒன்பது நாளாயிற்று. மேலே பூசிய மெழுகு மட்டும் மின்னியது. "அம்மா, மண்ணு எப்ப வரும்?" என்று விதைகள் உள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தன.

ஆப்பிள் ஈயிடம் கெஞ்சியது. "எம்மேல கொஞ்சம் உக்காரேன். அழுகல்னு குப்பைமேட்டுல எறிஞ்சா, இதுங்களாவது பிழைச்சுக்கும்."

"வாசமே வரலியே தாயி! அந்தக் கொய்யாவைப் பாரு, ஊரையே கூப்பிடுறா" என்று ஈ பறந்துவிட்டது.

அப்போது உணவுச் சோதனை அதிகாரி கத்தியோடு வந்தார். வெட்டிப் பார்ப்பார் என்று ஆப்பிளுக்கு உயிர் வந்தது. அவரோ தோலை மட்டும் லேசாகச் சுரண்டிச் சோதித்து, "அனுமதிச்ச மெழுகுதான், அளவும் சரி" என்று எழுதிக்கொண்டார்.

கடைக்காரர் ஈ மொய்த்த கொய்யாவைக் குப்பைமேட்டில் எறிந்தார். ஆப்பிளைத் துடைத்துக் குவியலின் உச்சியில் வைத்தார்.

"இன்னும் ஆறு மாசம் இப்படியே இருக்கும் சார்" என்றார் அதிகாரியிடம்.

அதற்குப் பிறகு விதைகள் எதுவும் கேட்கவில்லை.