டீ குடிக்காத ஆபீசர்

திருச்சியில் ரெய்டாம் என்ற செய்தி அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தபோது, கொளஞ்சியப்பன் ஒரு காதணி விழா அழைப்பிதழில் தாய்மாமன் பெயரைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தான். டூப்ளிகேட் சாப்ட்வேர் வைத்திருக்கிற கடைக்காரர்களை ஜீப்பில் ஏற்றுகிறார்களாம். அதைக் கேட்டதும் தாய்மாமன் பெயர் இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

அவனுடைய டிடிபி கடையில் நாலு கம்ப்யூட்டர். நாலிலும் ஓடிய விண்டோஸ், தமிழ் எழுத்து, படம் வரைகிற சாப்ட்வேர் எல்லாமே சென்னை பிளாட்பாரத்தில் வாங்கிய ஒரே ஒரு சிடியின் பிள்ளைகள். லைசென்ஸ் என்று அவனிடம் இருந்தது டிவிஎஸ் 50 ஓட்டுவதற்கு மட்டும்தான்.

மாட்டினால் கடையோடு போகாது. முப்பத்து நாலு வயதில், பல ஜாதகங்கள் திரும்பி வந்த பிறகு, தா.பழூரில் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் வேலை பார்க்கும் சிவரஞ்சனி அவனைப் பார்த்துத் தலையாட்டியிருந்தாள். வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயம் பண்ணுவதாகப் பேச்சு. அதற்குள் மாப்பிள்ளை ஜீப்பில் ஏறினால் யார் பெண் கொடுப்பார்கள்?

“இதுக்குத்தான் தலபாடா அடிச்சுக்கிட்டேன்” என்றான் கலைச்செல்வன். பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் நண்பன். பெரிய கம்பெனிகளைத் திட்டுவதற்காகவே தினமும் சாயங்காலம் கடைக்கு வருகிறவன். “நம்மூருல சுண்ணாம்புக்கல்ல வெட்டிக்கிட்டுப் போறவன் பள்ளத்தையாவது நம்மகிட்ட விட்டுட்டுப் போறான். அமெரிக்காக்காரன் அந்தப் பள்ளத்துக்கும் லைசென்ஸ் கேப்பான். பேசாம விண்டோஸத் தூக்கிட்டு லினக்ஸ் போடு. காசு கிடையாது. யாரு வேணா காப்பி எடுக்கலாம்.”

“சும்மா குடுக்கறவனுக்கு அதுல என்னடா லாபம்?”

இந்தக் கேள்விக்குக் கலைச்செல்வன் சொன்ன பதிலில் இரண்டு டீ ஆறிப்போனது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நாலு கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் ஏறிவிட்டது. திரையில் ஒரு பென்குயின் வந்து உட்கார்ந்தது. வந்த வாடிக்கையாளர்கள் வாத்து நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். தமிழ் எழுத்துதான் நன்றாக இல்லை. காதணி விழா தாய்மாமன் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக நின்றார்.

பழைய சிடியை உடைத்துவிடச் சொன்னான் கலைச்செல்வன். சோறு போட்ட சிடி ஆயிற்றே. கொளஞ்சியப்பனுக்கு மனசு வரவில்லை. வீட்டு அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தான்.

புதன்கிழமை ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, தோல் பை, பாக்கெட்டில் இரண்டு பேனா. ஆபீசர் என்று நெற்றியில் எழுதி ஒட்டாத குறை. முதலில் எதிர் டீக்கடையில் கொளஞ்சியப்பனைப் பற்றி விசாரித்தார். அப்புறம் பக்கத்து ஜெராக்ஸ் கடையில். கடைசியில் படியேறி வந்து உட்கார்ந்தார்.

“மிசினெல்லாம் சொந்தமா தம்பி?”

“மிசின் சொந்தம் சார். உள்ள ஓடறது உலகத்துக்கே பொது” என்று, மனப்பாடம் பண்ணியிருந்ததை ஆரம்பித்தான் கொளஞ்சியப்பன். ஒரு கம்பெனி உலகத்தையே மடக்கி வைத்திருப்பது, அதற்குத் தலைவணங்காத தன்னுடைய மானம், மறைக்க ஒன்றுமில்லாத லினக்ஸ் என்று ஒரு வரி விடாமல் ஒப்பித்தான். பின்னால் நின்று கலைச்செல்வன் வாயசைத்தான். ஆபீசர் வாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீ வந்தது. அவர் கிளாஸை மெல்லத் தள்ளி வைத்தார்.

“வேணாம் தம்பி. வந்த காரியம் முடியறவரைக்கும் பச்சத்தண்ணி தொட மாட்டேன்.”

கொளஞ்சியப்பன் தள்ளி வைத்த கிளாஸைப் பார்த்தான். டீ குடிக்கிற ஆபீசர் என்றால் கூடவே ஒரு வடை சொல்லிப் பேசிப் பார்க்கலாம். டீயே குடிக்காதவரை என்ன செய்வது?

“தொழில் எல்லாம் நேர்மையாத்தான நடக்குது?” என்றார் அவர், சாதாரணமாக.

அந்த இடத்தில் கொளஞ்சியப்பன் உடைந்தான்.

“சார், போன வாரம் வரைக்கும் எல்லாமே திருட்டுச் சரக்குதான். எட்டு வருசமா அதுலதான் பொழப்பு. இந்த ஊருல பாதிப் பேரு கல்யாணப் பத்திரிகை அதுல அடிச்சதுதான். ஞாயித்துக்கெழமதான் திருந்துனேன். பெரிய மனசு பண்ணுங்க சார், எனக்குப் பொண்ணு பாத்து வெச்சிருக்காங்க.”

“அப்படியா” என்றார் ஆபீசர். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கி, நேராகப் போய் செந்துறை பஸ்ஸில் ஏறினார்.

“அடுத்த ரெய்டு செந்துறையிலடா” என்றான் கலைச்செல்வன். “உம்மேல கேஸ் இல்ல. லினக்ஸ் காப்பாத்திருச்சு பாத்தியா.” ஆபீசர் தொடாத டீயை இருவரும் பாதிப் பாதியாகக் குடித்தார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், அம்மா அம்மாக்கண்ணு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். தா.பழூரிலிருந்து போன் வந்ததாம். வெள்ளிக்கிழமை வரவில்லையாம்.

“பொண்ணோட தாய்மாமன் செந்துறையிலேர்ந்து உன்னப் பத்தி விசாரிக்க வந்தாராம். சம்பந்தம் முடியாம கை நனைக்கக் கூடாதுன்னு டீயக்கூட வேணாம்னு சொன்னாராம். நீ என்னடான்னா எட்டு வருசமா திருட்டுச் சரக்குல பொழச்சேன்னு சொல்லி அனுப்பிச்சிருக்க.”

கொளஞ்சியப்பன் அப்படியே அரிசி டிரம் மேல் உட்கார்ந்துவிட்டான்.

“அப்புறம் அந்தப் பொண்ணே தனியா போன் பண்ணுச்சு” என்றாள் அம்மா. “அது சென்டர்லயும் ரெய்டுக்குப் பயந்து லினக்ஸாம், எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா வருதாம், ‘மாமாவ நான் பாத்துக்கறேன் அத்தை, அந்தத் திருட்டு சிடிய மட்டும் அவர தூக்கிப் போட்டுறாம இருக்கச் சொல்லுங்க’ன்னுச்சு.”