சாணைக்கல்லுக்கு இரண்டு பக்கம்

ஆணியில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மருதமுத்து தன் முகத்தில் மாட்டிக்கொண்டான்.

அதற்குச் சொந்தக்காரனான பிச்சை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தான். வீடு பக்கத்தில், மலாய் பேசும் செட்டிமார் குடியிருக்கும் கம்போங் செட்டியில்தான். ஆனாலும் வருவதற்குக் கொஞ்ச நேரமாகும்.

இரண்டு ஓரமும் தோல் வைத்துத் தைத்த கண்ணாடி. பின்னால் ரப்பர் வார். தடித்த வில்லைகள். சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த சாமான்.

போட்டதும் பட்டறை முழுவதும் லேசான பச்சையாகத் தெரிந்தது. தன் முகத்துக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்று பார்க்க ஆளில்லையே என்று இருந்தது.

காஜா பேராங் சாலையில் இருந்த அந்தப் பட்டறையில் சாணைக்கல் இயந்திரம் ஒன்றுதான். நடுவில் மோட்டார், இரண்டு பக்கமும் கல். ஒரு பக்கம் மருதமுத்து, மறுபக்கம் பிச்சை. ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வரும் பால்வெட்டுக் கத்திகளைத் தீட்டுவது இருவருக்கும் வேலை.

பொறி இரண்டு பக்கமும்தான் பறக்கும்.

ஆனால் பொட்டலத்தைப் பிரித்த அன்று முதலாளி கலியாணசுந்தரம் மருதமுத்துவைத் தாண்டிப் போய், பிச்சையின் கையில் கண்ணாடியைக் கொடுத்தார்.

ஜப்பான்காரன் காலத்திலிருந்து அந்தக் கல்லோடு நிற்பவன் மருதமுத்து. பிச்சை போன தீபாவளிக்குப் பிறகு வந்தவன். கும்பிடுவது நம் சாமியைத்தான், ஆனால் தமிழ் பேசத் தெரியாது. எல்லாம் மலாய்தான்.

அன்றிலிருந்து மருதமுத்து அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

பேசாமல் இருக்க முடிந்ததே தவிர, பார்க்காமல் இருக்க முடியவில்லை. பிச்சை அதைத் துணியால் துடைப்பதைப் பார்த்தான். நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு தேநீர் குடிப்பதைப் பார்த்தான். ஒருநாள் மருதமுத்துவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவன் மனைவி அஞ்சலையும் பார்த்தாள்.

"ஏரோப்ளேன் ஓட்டுறவரு மாதிரி இருக்காரு" என்றாள்.

அன்றைக்கு மருதமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவன் இமையைப் புரட்டி, சேலை முனையால் இரும்புத் துகளை ஒற்றியெடுப்பவளும் அவள்தான். சில நாள் துகள் வராது. கண் சிவந்து வீங்கி, காலையில் திறக்கவே வராது.

மெர்டேக்கா வரப்போகிறது, நாட்டுக்குச் சுதந்திரம், இனி வேலை பெருகும், ஆட்களை மேற்பார்க்க ஒரு மண்டோர் வைக்கவேண்டும் என்று முதலாளி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். யாரை மனத்தில் வைத்திருக்கிறார் என்பது தெரிந்ததுதானே. கண்ணாடியைக் கொடுத்தவர் அதையும் அவனுக்குத்தான் கொடுப்பார்.

மருதமுத்து சுவிட்சைப் போட்டான். கத்தியைக் கல்லில் வைத்தான். பொறிகள் நேரே முகத்துக்கு வந்து, வில்லையில் பட்டு உதிர்ந்தன. முதல்முறையாக அவன் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

இந்தச் சுகத்தையா இவன் இத்தனை நாள் தனியாக அனுபவித்தான்?

யாரோ தோளைத் தொட்டார்கள். பிச்சை.

"பாங், கசி பாலெக்."

திருப்பிக் கொடு என்கிறான். அண்ணன் என்று மரியாதையாகத்தான் கேட்டான்.

மருதமுத்து காதில் விழாதவன் போல அடுத்த கத்தியை எடுத்தான். பிச்சை சண்டைக்கு நிற்கவில்லை. தன் பக்கம் போய், வெறும் முகத்தோடு கல்லின் முன்னால் குனிந்தான்.

உள்ளறையிலிருந்து முதலாளி ஓடிவந்தார். அவர் ஓடி மருதமுத்து பார்த்ததே இல்லை. பிச்சையின் கையைப் பிடித்துக் கல்லைவிட்டு இழுத்துவிட்டு, இந்தப் பக்கம் திரும்பினார்.

"கழட்டுடா! அவன்கிட்ட குடு!"

"ஏன் மொதலாளி? எம் மூஞ்சில இருக்கறது கண்ணு இல்லையா?"

முதலாளி குரலைத் தாழ்த்தினார். பிச்சைக்குத் தமிழ் புரியாது என்பதுகூட அவருக்கு அப்போது நினைவில்லை.

"ஒனக்கு ரெண்டு இருக்குடா. அவனுக்கு ஒண்ணுதான். எடது கண்ணு சும்மா பேருக்கு. ஆஸ்பத்திரில டாக்டரு சொல்லித்தான் எனக்கே தெரியும். இருக்கறதும் இங்க போச்சுன்னா, முழுக் குருடனுக்கு நான்தான் கோர்ட்ல பதில் சொல்லணும்னு லோயரு சொல்லிட்டாரு."

மருதமுத்து பிச்சையைப் பார்த்தான். இரண்டு கண்ணும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஆனால் இடப்பக்கம் நின்ற முதலாளியைப் பார்க்க அவன் தலையை முழுவதும் திருப்பவேண்டியிருந்தது. இத்தனை நாள் தான் அந்தப் பக்கமாகப் போனாலும் அவன் கண்டுகொள்ளாததைத் திமிர் என்று மருதமுத்து நினைத்திருந்தான்.

"அப்ப எனக்கு?"

"ஒனக்கு என்னடா அவசரம்? ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்குமே. அப்படி ஏதும் ஆச்சுன்னா ஒனக்கும் வாங்கித் தர்றேன்."

மனதாரத்தான் சொன்னார். தோளைக்கூடத் தட்டிக் கொடுத்தார்.

மருதமுத்து கண்ணாடியைக் கழற்றி நீட்டினான். பிச்சை அதை உடனே வாங்கவில்லை. முதலாளி என்ன சொன்னார் என்று மலாயில் கேட்டான்.

மாதக்கணக்கில் அவனோடு பேசாத வாய் அன்று எல்லாவற்றையும் சொன்னது. டாக்டர் சொன்னது, லோயர் சொன்னது, கடைசியாக முதலாளி சொன்னது.

பிச்சையின் முகம் கறுத்தது. வெளியே தெரிந்துவிட்டதே என்றுதான் முதலில் தலைகுனிந்தான். பிறகு கிட்டே வந்து, மருதமுத்துவின் சிவந்த கண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

கண்ணாடியை வாங்கிக் கத்திக் குவியலின் மேல் வைத்தான். சுவிட்சை அணைத்தான்.

இதிலும் அவனே முந்திக்கொண்டானே என்று மருதமுத்துவுக்கு ஒரு கணம் பொறாமையாகத்தான் இருந்தது. பிறகு போய் அவன் பக்கத்தில் நின்றான்.

"தீட்டுங்கடா. நாளைக்குத் தோட்டத்து லோரி வருது" என்றார் முதலாளி.

கல் இரண்டும் மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றன. தானே சுவிட்சைப் போட முதலாளி ஓரடி முன்னால் வந்தார்.

அவருக்கு வழியில்லை. இருவரும் அதன் முன்னால் நின்றிருந்தார்கள்.