வலது இறக்கை

"எட்டு மாச வேலை. ஒரே மத்தியானத்துல நாசம் பண்ணிட்டியே."

பல் செட் செய்கிறவர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜையில், ஒரு சாண் நீளத்துக்கு, அவர் கட்டிய உலகப்போர் காலத்துச் சண்டை விமானப் பொம்மை நின்றது. காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது புத்தம்புது பெயிண்டில் பளபளவென்று இருந்தது. இப்போது எஞ்சின் ஓரமெல்லாம் கரி. அடி வயிற்றில் எண்ணெய் வழிந்த தடம். இறக்கையில் பச்சை உரிந்து வெள்ளித் தகடு பல்லை இளித்தது.

"நாசம் இல்லீங்க. பழசாக்கியிருக்கேன்," என்றாள் மனைவி. பஸ் டெப்போவில் மெக்கானிக். அன்று அவளுக்கு விடுமுறை.

"எதை வச்சு?"

"பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைக் கிள்ளி வெள்ளி பெயிண்டைத் தொட்டுத் தொட்டு ஒத்தினேன். கரிக்குப் பென்சில் தூள்."

மறுநாள் போட்டி. பொம்மை விமானத்தை நிஜமாகவே போருக்குப் போய் வந்ததுபோல் பழசாக்குவதற்கென்று அங்கே தனிப் பரிசு உண்டு. ஏழு வருஷமாக அவருக்கு இரண்டாவது இடம்தான். ஏழு வருஷமாக நடுவரின் சீட்டில் ஒரே வரிதான்: 'விமானம் அழகு. பறந்த மாதிரி இல்லை.'

என்ன செய்வார், பாவம். பல்லில் பொட்டுக் கறை இருந்தாலும் டாக்டர் திருப்பி அனுப்பிவிடுகிற தொழில். அந்தக் கைக்கு அழுக்குப் பண்ண மனசு வராது. ஒரு கோடு கரி வைப்பார், உடனே துடைப்பார். இந்த வருஷமும் நாளைக்கு, நாளைக்கு என்று முந்தின நாள் வரை இழுத்துவிட்டார். பார்த்துப் பார்த்துப் பொறுமை இழந்துதான் அவள் கை வைத்தாள்.

"சரி, அழுக்குப் பண்ணினே. வலது இறக்கை ஏன் இப்படித் தேஞ்சு கிடக்கு? பைலட் இடது இறக்கையில கால் வச்சுத்தான் ஏறுவான். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"ஏறி உட்கார்றவன் இடது பக்கம் ஏறுவான், சரி. அவனை ஏத்தி விடறவன் எங்கே நிப்பான்?"

அவர் பூதக்கண்ணாடியை எடுத்து இறக்கையை வெகுநேரம் பார்த்தார். சேதாரத்தைக் கணக்கெடுக்கிறார் என்று நினைத்து அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் அரங்கத்துக்குப் போகிற வரை பேச்சுவார்த்தை இல்லை. படிவம் வாங்கியதும் அவளே மெதுவாகச் சொன்னாள்.

"நான் கை வச்சதைச் சொல்லிடாதீங்க. எல்லாம் நீங்களே செஞ்சதா இருக்கட்டும். இந்தத் தடவையாவது உங்களுக்குக் கிடைக்கட்டும்."

அவர் உள்ளங்கையால் மறைத்தபடியே எழுதி நீட்டினார். அவளே சொன்னதுதான். ஆனாலும் அப்படி மறைத்து எழுதியது அவளுக்குச் சுருக்கென்றது.

போன வருஷம் முதல் பரிசு வாங்கிய மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன சார், உங்க பைலட் தூக்கக் கலக்கத்துல வந்தாரா? பக்கம் மாறி ஏறியிருக்காரே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நடுவர் டார்ச் விளக்கோடு வந்தார். வலது இறக்கையில் வெளிச்சம் நின்றது. "இது எப்படி இங்கே வந்தது?"

பல் செட்காரர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். "அவளைக் கேளுங்க சார்."

அவள் திரும்பி அவரை முறைத்தாள். மனுஷன் இப்படி மாட்டி விட்டுவிட்டாரே.

"பைலட் உட்கார்ந்துட்டா அசைய முடியாது சார்," என்று தொடங்கினாள். "பெல்ட் மாட்டி விடணும், கண்ணாடி துடைக்கணும். இடது பக்கம் அவர் வழி. அப்ப மெக்கானிக் வலது பக்கம்தானே ஏறணும்? எங்க டெப்போவுல டிரைவர் ஒரு தடவை ஏறுறதுக்குள்ள நாங்க பத்து தடவை ஏறி இறங்குவோம். யார் கால் பட்டுத் தேயும், நீங்களே சொல்லுங்க."

நடுவர் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

"ஏன் என்னைக் கோத்து விட்டீங்க? போச்சு. எட்டாவது வருஷமும் போச்சு," என்றாள்.

அவர் விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் நடுவர் மைக்கைப் பிடித்தார். "இன்னிக்கு முப்பது விமானம் பார்த்தேன். இருபத்தொன்பதுல பைலட் மட்டும்தான் ஏறியிருக்கார். ஒண்ணே ஒண்ணுலதான் மெக்கானிக்கும் ஏறியிருக்கார். இருபது வருஷமா நானும் இதை யோசிச்சதில்லை. பழசாக்கினதுக்கு முதல் பரிசு..."

படித்தது அவள் பெயரை.

"என்னங்க, தப்பாப் படிக்கிறார். போய்ச் சொல்லுங்க."

"படிவத்துல இருக்கிறதைத்தான் படிக்கிறார். கட்டினது யாருன்னு ஒரு கட்டம், பழசாக்கினது யாருன்னு ஒரு கட்டம். ரெண்டாவதுல வேற யார் பேரை எழுதறது?"

அரங்கமே கைதட்டியது. கடைக்காரரும் எழுந்து நின்று தட்டினார். பதினாறு வருஷம் பஸ்ஸுக்குக் கீழே படுத்து எழுந்தவளுக்கு யாரும் கைதட்டியதில்லை. இது தனக்குத்தான் என்று நம்ப அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. நம்பியதும் தலை தானாக நிமிர்ந்தது. விறுவிறுவென்று நடந்தாள்.

மேடைப் படி நல்ல உயரம், பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை. அவள் தயங்கி நின்றபோது, அவளுக்கு முன்பே வந்து படியோரம் நின்றிருந்த கணவர் கையை நீட்டினார்.

"ம், ஏறு. ஏத்தி விடறவன் வலது பக்கம்தானே நிக்கணும்?"