இறக்கத்தில் நியூட்ரல்

அவன் மறுபடியும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான்.

எஞ்சினின் உறுமல் அடங்கியது. கார் தன் பாரத்திலேயே கீழே வழுக்கத் தொடங்கியது.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சாலை. ஒரு பக்கம் மலை. மறுபக்கம் ஒன்றுமில்லை.

“ஏனுங்க, ரெண்டாவதுல போட்டு இறக்குங்க. பிரேக் சூடாயிரும்.”

அவன் சிரித்தான். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரிப்பது அவன் வழக்கம்.

“பெட்ரோல் உங்கப்பனா ஊத்தறாரு? நாலு வாரம் கிளாஸ் போயிட்டு வந்து, எனக்கு ஓட்டக் கத்துக்குடுக்கறயா?”

அவள் கிளாஸுக்குப் போனது உண்மைதான். முப்பத்தெட்டு வயதில், விடிந்தும் விடியாமலும், டிரைவிங் ஸ்கூல் காரில். மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டித்தான் லைசென்ஸ் வாங்கினாள். அந்தக் கதையை அவன் எல்லாக் கல்யாணப் பந்தியிலும் சொல்லிச் சிரிப்பான்.

தன் லைசென்ஸை வாங்கிய கதையை மட்டும் சொல்லமாட்டான். அவன் மாமாவுக்கு வேண்டியவர் ஒருவர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அவன் எட்டே போட்டதில்லை. பள்ளிக்கூட நோட்டிலாவது ஒழுங்காகப் போட்டிருப்பானா என்று அவளுக்குச் சந்தேகம்.

ஆனாலும் சொந்தபந்தத்தில் அவன்தான் சூரன். வளைவில் முந்துவது, ஹாரனில் கையை வைத்தால் எடுக்காதது, சைக்கிளில் போகிறவனைக் கெட்ட வார்த்தையில் திட்டுவது. இதையெல்லாம் எந்தப் பள்ளியிலும் சொல்லித்தருவதில்லை. அவன் சுயம்பு.

சீட் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டியிருந்தான். மணி அடிக்காமலிருக்க.

மஞ்சள் பலகை ஒன்று கடந்துபோனது. இரண்டாவது கியரில் இறங்கவும்.

“அதெல்லாம் புதுசா ஓட்டறவனுக்கு.”

பின்சீட்டில் ஆறு வயது மிருதுளா, அம்மா மாட்டிவிட்ட பெல்ட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

முதலில் வாடை வந்தது. எதுவோ கருகும் வாடை.

“தீயற வாடை வருதுங்க.”

“முன்னாடி லாரி போகுது. அதுலிருந்து வரும்.”

முன்னால் லாரி எதுவும் இல்லை.

அடுத்த வளைவுக்கு முன் அவன் பிரேக்கை மிதித்தான். மறுபடியும் மிதித்தான். கால் தரைவரை போய் வந்தது.

“புடிக்கல.”

அதை மெல்லத்தான் சொன்னான். ரகசியம் சொல்வது போல.

வளைவின் கீழே, கேரட் ஏற்றப் போகும் காலி லாரி ஒன்று முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது.

அவள் வலது கை கியரைப் பிடித்துவிட்டது.

“கிளட்ச்சை மிதி!”

மிதித்தான்.

மூன்றுக்குத் தள்ளினாள். “விடு. மெதுவா விடு.”

விட்டான். எஞ்சின் அலறியது.

“மறுபடி மிதி!”

இரண்டு. கார் உடம்பைக் குலுக்கிக்கொண்டு தயங்கியது. அவளைப் பெல்ட் இழுத்துப் பிடித்தது. அவன் நெற்றி ஸ்டியரிங்கில் மோதியது.

“இடதுபக்கம் ஒடி. மலையோரமா ஏத்து.”

ஒடித்தான். இத்தனை வருடத்தில் அவள் சொன்னதை அவன் எதிர்க்கேள்வி இல்லாமல் செய்தது அப்போதுதான்.

காரின் முன்முனை மண்ணில் உரசியது. அவள் ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தாள்.

நின்றது.

லாரி பக்கத்தில் வந்து நின்றது.

மிருதுளா கண்ணைக் கசக்கினாள். “வீடு வந்துருச்சாம்மா?”

அவன் நெற்றியைத் தடவிக்கொண்டான். பிறகு திரும்பினான்.

“புள்ளைய வெச்சுக்கிட்டு, புருசனப் போயி ‘மிதி’ங்கற?”

அவள் அவனைப் பார்த்தாள்.

மூன்று உயிர் போகப் பார்த்தது அவனுக்குப் பெரிதில்லை. ஒரு ‘ங்க’ போய்விட்டது.

இறங்கிப் போய், ஓரத்தில் கிடந்த கல்லை உருட்டி முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். நிமிர்ந்தபோது லாரி டிரைவரும் பைக்கில் வந்த இரண்டு பேரும் அவனைச் சுற்றி நின்றிருந்தார்கள். அவன் குரல் திரும்பி வந்திருந்தது.

“பிரேக் சட்டுனு போயிருச்சுங்க. கம்பெனிக்காரன் சரியில்ல. வேற எவனாச்சும் இருந்தா இந்நேரம் பள்ளத்துல. நான் டக்குனு மூணு, ரெண்டுன்னு இறக்கிட்டேன்.”

கையைக் காற்றில் ஆட்டி, கியர் போடும் விதத்தைக் காட்டினான்.

“கெட்டிக்காரருங்க நீங்க,” என்றார் லாரி டிரைவர். பைக்கில் வந்தவர்கள் தலையாட்டினார்கள். நெற்றியில் புடைத்திருந்த வீக்கம் அவனுக்குப் பதக்கம் போலப் பொருந்திவிட்டது.

அவள் மறுக்கவில்லை. மறுத்துப் பேசவும் எதிராளியிடம் கொஞ்சம் மரியாதை இருக்கவேண்டும்.

அவன் அவளைப் பார்த்துக் குரல் கொடுத்தான். “ஏறி உக்காரு. ஒரு பத்து நிமிசம் பிரேக் ஆறட்டும். அப்புறம் நியூட்ரல்லயே மெல்லப் போயிரலாம்.”

சொல்லிவிட்டு லாரி டிரைவரிடம் திரும்பிக்கொண்டான். கதை இன்னும் முடியவில்லை.

அவள் காருக்குள் குனிந்தாள். பையை எடுத்தாள். மிருதுளாவின் பெல்ட்டைக் கழற்றினாள். சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கக் கதவுக்கும் ஒருமுறை போய் வந்தாள்.

மேலிருந்து அரசுப் பேருந்து ஒன்று வளைவில் திரும்பியது. கீழ்க் கியரில், உறுமிக்கொண்டு, நிதானமாக.

கை காட்டினாள்.

கண்டக்டர் படியில் நின்றபடியே காரைப் பார்த்தார். காற்றில் கியர் போட்டுக்கொண்டிருந்த ஆளையும் பார்த்தார்.

“சார் வரலீங்களா?”

“அவருக்கு வண்டி இருக்குங்க.”

விசில் ஒலித்தது. மகளை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, கைக்குள் இருந்த கார் சாவியைப் பையில் போட்டாள்.